உறியும் ஒப்பாரியும்

நாகவல்லிக்குப் பாட்டு வரும். அதுதான் அவள் தலையில் எழுதியிருந்த கஷ்டம். யாரோ பாடினதைக் கேட்டுத் திருப்பிப் பாடுகிற சமாசாரம் இல்லை. தானாகக் கட்டுகிற பாட்டு. பசு கன்று போட்டால் அதற்கு ஒரு பாட்டு, எருமை பால் தர மாட்டேன் என்று உதைத்தால் அதற்கும் ஒரு பாட்டு. திருவேற்காட்டில் அவளுடைய அப்பாவுக்கு நஞ்சையும் தோப்பும் இருந்தன. கூடவே ஒரு மரியாதையும் இருந்தது. மரியாதை இருக்கிற வீட்டுப் பெண் வாயைத் திறந்து பாடினால் அந்த மரியாதை எந்த வழியாக வெளியே போகும் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் போய்விடும் என்பது மட்டும் எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

அப்படியானால் பெண்கள் பாடவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. சின்ன வயதில் கும்மி அடிக்கலாம். பிள்ளை பெற்றால் தாலாட்டலாம். யாராவது செத்தால் ஒப்பாரி வைக்கலாம். நடுவில் பாடத் தோன்றினால் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான்.

சிறுமியாக இருந்தபோது ஒருநாள் நெல் குத்திக்கொண்டே, எங்கோ காதில் விழுந்த ஒப்பாரி மெட்டில், உலக்கை செத்துப்போனதாக வைத்து நாகவல்லி ஒரு பாட்டுக் கட்டிப் பாடினாள். அடுத்த வாரம் அவள் பெரியப்பா தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். எல்லாரும் உயிரோடு இருக்கிற வீட்டில் ஒப்பாரி பாடுவது எமனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற காரியம் என்று வீடே அவள் மேல் பாய்ந்தது. விளக்குமாறு பிய்ந்தது. பெரியப்பா அன்றைக்குக் கள்ளைக் குடித்துவிட்டு மரமேறினார் என்பதை யாரும் பேச்சில் சேர்த்துக்கொள்ளவில்லை.

கல்யாணமாகி அவள் வந்து சேர்ந்த ஊர் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. புருஷன் பரந்தாமன் நல்ல மனுஷன். ஏர், மாடு, ஏரித் தண்ணீர் தவிர வேறெதைப் பற்றியும் அவனுக்கு அபிப்பிராயம் கிடையாது. அந்த வீட்டு அபிப்பிராயங்களை எல்லாம் அவன் அம்மா பொன்னம்மாள் தன் வசம் வைத்திருந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்த பொம்பளை. அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை, அழுதும் பார்த்ததில்லை. புருஷன் செத்த அன்றைக்கே கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லாமல், வந்த சனத்துக்கு மோர் போதுமா என்று பானையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஊரில் சொல்வார்கள்.

அடுப்படியில் ஒரு உறி தொங்கியது. உத்தரத்திலிருந்து கயிற்றில் கட்டி இறக்கிய அந்த உறியில்தான் நெய்ச்சட்டி இருக்கும். பொன்னம்மாள் அதைத் தன் உயரத்துக்குக் கட்டி வைத்திருந்தாள். நாகவல்லியோ குள்ளம். காலை எக்கிக் கையை நீட்டினாலும் விரல் நுனி சட்டியின் அடியைத் தொடும், அவ்வளவுதான். வந்த புதிதில், கொஞ்சம் இறக்கிக் கட்டலாமா அத்தே என்று பயந்து பயந்து கேட்டாள். பூனை கீது என்று பதில் வந்தது. அதோடு பேச்சு முடிந்தது. நெய் வேண்டுமென்றால் முக்காலியை இழுத்துப் போட்டு ஏற வேண்டும். முக்காலி இழுபடுகிற சத்தம் கேட்டதும் மாமியார் வந்து வாசற்படியில் நிற்பாள். அந்தப் பூனை சில வருஷத்தில் கிழடாகிச் செத்தும் போயிற்று. உறி இறங்கவில்லை.

இரண்டு பையன்கள் பிறந்தார்கள். தாலாட்டுக்கு வழி கிடைத்தது என்று நாகவல்லி சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. பிள்ளைகள் இரண்டாவது வரியிலேயே தூங்கிப்போனார்கள். பாடுபட்டு ஒரு பாட்டைக் கட்டி, நல்ல இடத்தை எல்லாம் கடைசிக்கென்று பதுக்கி வைத்திருந்தால், கேட்கிறவன் வாயைப் பிளந்துகொண்டு உறங்குகிறான். எழுப்பி மிச்சத்தையும் கேளடா என்று சொல்ல முடியுமா? அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

மிஞ்சியது ஒப்பாரி. பரந்தாமனின் சித்தப்பா லோகநாதன் செத்தபோது அதற்கு வேளை வந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டுக்கொண்டு ஆளுக்கு இரண்டு வரி பாடிக்கொண்டிருந்தார்கள். குமணன்சாவடி அங்கம்மாதான் தலைமை. அவள் பரந்தாமனுக்கு அக்கா முறை. எந்தச் சாவுக்குப் போனாலும் செத்தவர்களைத் தங்க மாளிகையில் உட்கார வைத்துவிடுவாள். கோவணத்தோடு செத்தவனுக்கும் அங்கம்மா பாட்டில் தங்க மாளிகை உண்டு. அவள் மூச்சு வாங்க நிறுத்திய நேரத்தில் நாகவல்லி ஆரம்பித்தாள்.

ஏரி நெறஞ்சிருக்க எறங்கிக் குளிச்சவரே
வாரி எறச்ச நெல்லு வயலெல்லாம் வெளஞ்சிருக்க
யாரு அறுக்கச் சொல்லி நீங்க பயணம் போனீங்க

இதுவரைக்கும்தான் கேட்டது. மூன்றாவது வரியில் அங்கம்மா மார்பில் அறைந்துகொண்டு கோவென்று கத்தினாள். கூட்டம் மொத்தமும் அவளோடு சேர்ந்துகொண்டது. வாசலில் மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தார்கள். நாலாவது வரியிலிருந்து நாகவல்லி பாடியது நாகவல்லிக்கே கேட்கவில்லை. அவள் பாட்டில் இன்னும் எத்தனையோ இருந்தது. லோகநாதன் வளர்த்த செவலை மாடு வாசலில் வந்து நிற்கிற இடம் இருந்தது, அதுதான் உயிரான இடம். ஒரு காதிலும் விழவில்லை. ஊரெல்லாம் அவளைக் கட்டிக்கொண்டு, கல்லும் கரையும்டி உன் பாட்டுக்கு என்றது. எந்த இடம் பிடித்தது என்று அவள் ஆசையாகக் கேட்டாள். எல்லாமேதான் என்றார்கள்.

 சாயங்காலம் பொன்னம்மாள் வீட்டுக்கு வந்து தலைமுழுகிவிட்டு, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"லோகநாதன் எப்போடி ஏரியில எறங்கிக் குளிச்சான்? அவனுக்குத் தண்ணின்னாலே பயம். கரையில குந்திக்கினு சொம்புல மோந்து ஊத்திக்குவான்."

நாகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே புகழ்கிறது, இந்தக் கிழவிக்கு வாயைத் திறந்தால் குற்றம்தான் என்று முறத்தைத் தட்டித் தட்டிப் புடைத்தாள். மாமியார் போகிற போக்கில், அந்தச் செவலை மாடு வர எடத்துல மட்டும் பொய் இல்ல என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். முறம் கையிலேயே நின்றது. செவலை மாடு வந்தது ஏழாவது வரியில். அப்படியென்றால் ஒருத்தி ஏழாவது வரி வரைக்கும் கேட்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து நாகவல்லியின் கவனமெல்லாம் சாவு மேல் போயிற்று. இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். சமையல்காரன் கல்யாணத்துக்குக் காத்திருப்பதில்லையா? ஆனால் மரியாதைப்பட்ட வீட்டு மருமகள் கூலிக்கு மாரடிக்கிறவளைப் போலக் கண்ட வீட்டுக்கும் போய் உட்கார முடியாது. உறவுக்காரர் சாவுக்கு மட்டும்தான் போகலாம் என்று பொன்னம்மாள் விதி போட்டாள். நாகவல்லி விதியை மீறவில்லை. உறவைப் பெருக்கிக்கொண்டாள். பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் யாருக்கு யார் எந்த வழியில் மாமன், எந்த வழியில் சித்தப்பா என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆயிற்று. எவனாவது இருமினால், அவன் எந்த முறையில் தனக்குச் சொந்தம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாள்.

பாட்டைக் கட்டிப் பார்க்கத்தான் இடம் இல்லை. வீட்டில் வாயைத் திறந்தால் எமன் வருவான். வயலில் பாடினால் அடுத்த வயல்காரன் அடிக்க வருவான். கடைசியில் ஏரி மதகைக் கண்டுபிடித்தாள். மதகு திறந்து தண்ணீர் விழுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. துணி துவைக்கிற சாக்கில் அங்கே போய், இன்னும் சாகாத மாமன் சித்தப்பன்களுக்கெல்லாம் வாய்விட்டுப் பாடிப் பார்ப்பாள். கோடையில் ஏரி வற்றி மதகு மூடினால் அவள் பாட்டும் மூடிக்கொள்ளும். அந்த வீட்டில் மழைக்காகப் பரந்தாமனை விட அதிகமாக வேண்டிக்கொண்டவள் அவள்தான்.

சாவுக்குப் போகும்போதெல்லாம் பொன்னம்மாளும் வண்டியில் ஏறிக்கொள்வாள். மருமகளைக் காவல் காக்க வருகிறாள் என்று ஊர் நினைத்தது. நாகவல்லிக்கு எதிரே, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, உலர்ந்த கண்ணோடு உட்காருவாள். மூன்றாவது வரியில் கூட்டம் அழ ஆரம்பிக்கும். நாகவல்லி அப்புறம் மாமியாரின் முகத்தைப் பார்த்துத்தான் பாடுவாள். நாகவல்லியும் அழுகிறவள் இல்லை. அழுகை வந்தால் தொண்டை அடைக்கும், தொண்டை அடைத்தால் வரி போய்விடும். ஊரையெல்லாம் அழ வைத்துவிட்டு இவள் மட்டும் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாளே என்று பின்னால் பேசினார்கள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் சண்டை. செத்தவள் வெள்ளைப் பசு வைத்திருக்கவே இல்லை, கறுப்புப் பசுதான் என்பாள் பொன்னம்மாள். வெள்ளை என்று சொன்னால்தான் மெட்டில் உட்காருகிறது என்பாள் மருமகள். உட்காரலேன்னா நிக்கட்டும், கறுப்புன்னு பாடு என்பாள் மாமியார். பரந்தாமன் மாட்டை ஓட்டிக்கொண்டு, செத்தவர்களின் பசுவுக்காக இந்த இரண்டு பேரும் ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று தெரியாமல் விழிப்பான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது பாட்டு நன்றாக இருந்தது என்று பொன்னம்மாள் சொன்னதில்லை. நாகவல்லி அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கினாள். கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பாள், வாய் வராது.

ஒரு மழைக்காலத்தில் பொன்னம்மாளுக்குக் குளிர் ஜுரம் கண்டது. பூந்தமல்லி வைத்தியரின் கசப்பு மருந்தும் கேட்கவில்லை. தான் பிழைக்கப் போவதில்லை என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். கொஞ்சம் ஜுரம் விட்ட ஒரு காலையில், ஏரிக் காற்று வாங்க வேண்டும், மதகடிக்கு வண்டி கட்டு என்றாள். மகன் போர்வையைச் சுற்றி உட்கார வைத்து ஓட்டிப் போனான். மதகடியில் இறங்கியதும், மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு வா என்று அவனை விரட்டிவிட்டு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு இன்னா பாடுவே? அதைப் பாடு. செத்தப்புறம் எங்காதுல வுழாது."

 உயிரோடு இருக்கிறவர்களுக்கு, அதுவும் ஜுரத்தில் கிடக்கிறவளுக்கு, முகத்துக்கு நேரே ஒப்பாரியா? மாட்டேன் என்றாள் நாகவல்லி. மதகுத் தண்ணி சத்தத்துல எமனுக்கு மட்டும் கேட்டுடுமா என்று பொன்னம்மாள் கேட்டாள்.  நாகவல்லி மாமியாரின் காதருகே குனிந்து பாடினாள். மாமியாருக்கென்று ஒரு பாட்டு எப்போதோ கட்டி வைத்திருந்தாள் என்பதை ஒளிப்பானேன்? தாயில்லாப் பெண்ணைத் தாயாகப் பார்த்தீர்கள், பொன் தட்டில் சோறு போட்டீர்கள் என்று பாட்டுப் போயிற்று. பொன்னம்மாள் கையைத் தூக்கி நிறுத்தினாள். உன் ஆத்தா வேற்காட்டில் நல்லா குண்டுக்கல்லாட்டம் கீறா, நீ எப்போ தாயில்லாப் பொண்ணு ஆனே என்றாள். நான் எப்போ உன்னைத் தாயாட்டம் பாத்தேன் என்றும் கேட்டாள். 

"நான் இன்னா பண்ணேனோ அதைப் பாடு."

அதையெல்லாம் சாவு வீட்டில் பாடினால் ஊர் என்ன சொல்லும் என்று நாகவல்லி கேட்டாள். பொன்னம்மாள் போர்வையை இழுத்துக்கொண்டு சொன்னாள்.

"ஊரா ஒன் பாட்டைக் கேக்குது? அது மூக்கைச் சிந்திக்கினு கீது."

பிறகு ஒரு வாரம் நாகவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. மாமியார் என்ன செய்தாள் என்று யோசித்தால் முதலில் வந்து நின்றது உறிதான். மதகடியில் துணியைக் கும்மிக்கொண்டே கட்டினாள். மறுபடி ஏரிக் காற்று வாங்கப் போனபோது பாடிக் காட்டினாள். ஒசரத்தில் உறி கட்டினது, எக்கிப் பார்த்துக் கால் நொந்தது, இறக்கச் சொன்னால் ஏசினது எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியில், உறி தாழ இறங்கிவிட்டது அத்தே, இப்போது நீங்கள் எட்டாத ஒசரத்துக்குப் போய்விட்டீர்கள் என்று முடித்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பொன்னம்மாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதோ, இன்றைக்குச் சொல்லப் போகிறாள் என்று நாகவல்லி நினைத்தாள்.

"கடைசியில பொய் சொல்றியே. ஒறி எங்க எறங்கிச்சி?"

நீங்க போனப்புறம் நான் இறக்கிக் கட்டிவிடுவேன், அப்போது நிஜமாகிவிடும் என்று நாகவல்லி சொல்லிப் பார்த்தாள். அப்போ நான் கேக்க மாட்டேனே, நான் கேக்கிற பாட்டுல பொய் இருக்கக் கூடாது என்றாள் கிழவி. அப்படியானால் இப்போதே இறக்கிவிடுங்கள் என்று மருமகளுக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்துவிட்டது. சும்மா கெட, பூனை கீது என்று பொன்னம்மாள் எழுந்து வண்டியைப் பார்த்து நடந்தாள். பூனை செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஒப்பாரி கேட்ட அன்றிலிருந்து ஜுரம் இறங்க ஆரம்பித்தது. அம்மாவுக்கு ஏரிக் காற்று ஒத்துக்கொண்டது என்று பரந்தாமன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். பொன்னம்மாள் எழுந்து உட்கார்ந்தாள், நடந்தாள், பழையபடி வாசற்படியில் வந்து நின்றாள். அப்புறம் பல வருஷம் இருந்தாள். நாகவல்லியின் பாட்டு மட்டும் அந்தக் கடைசி வரியில் சிக்கிக்கொண்டு கிடந்தது. பொய் இல்லாமல் வேறு ஒரு முடிவு கட்ட எவ்வளவோ பார்த்தாள். நெய்யை வைத்துப் பார்த்தாள், முக்காலியை வைத்துப் பார்த்தாள், செத்த பூனையைக்கூட இழுத்து வந்தாள். எதுவும் உட்காரவில்லை. அந்தப் பாட்டுக்கு அந்த முடிவுதான். அந்த முடிவுக்கு உறி இறங்க வேண்டும்.

பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிவந்த வருஷம். அப்படி உயிருக்குப் பயந்து திருவேற்காட்டுக்கு வந்து தங்கிய ஒருவர், வந்த இடத்தில் வாந்திபேதி கண்டு செத்துப்போனார். விசாரித்ததில் அவர் நாகவல்லிக்குச் சித்தப்பா முறை என்று தெரிந்தது. பரந்தாமன் வீட்டில் தங்கிக்கொள்ள, பெரிய பையன் வண்டி கட்டினான். பொன்னம்மாள் அன்றைக்கு வரவில்லை. முட்டி வலிக்குது, நீ மட்டும் போய்ட்டு வா என்றாள். வண்டி கிளம்பும்போது வாசற்படியில் வந்து நின்று, என்ன பாடினே என்று ஒரு வரி விடாமல் வந்து சொல்லணும் என்றாள். அந்த ஆளை எனக்குத் தெரியாது, அதனால நீ பொய் சொன்னாலும் கண்டுபிடிக்க முடியாது, பாத்துப் பாடு என்றும் சேர்த்துக்கொண்டாள்.

நாகவல்லி நன்றாகவே பாடினாள். வரியை எல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு, எந்த இடத்தில் சண்டை வரும் என்று யோசித்துக்கொண்டே சாயங்காலம் திரும்பினாள். வாசலில் கூட்டம் நின்றது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த பொன்னம்மாள் எழுந்திருக்கவில்லை என்றார்கள். நாகவல்லி அப்படியே வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தப்பாவுக்குப் பாடின பாட்டை இனி யாரிடம் சொல்வது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அடுப்படிப் பக்கம் யாரும் போகவில்லை. மறுநாள் காலைக்குள் உறவெல்லாம் வந்து சேர்ந்தது. அங்கம்மா தெருமுனையிலேயே ஆரம்பித்துவிட்டாள். ஊராருக்கெல்லாம் பாடினவள் சொந்த மாமியாருக்கு எப்படிப் பாடப் போகிறாள் என்று கேட்பதற்காகவே குமணன்சாவடியிலிருந்து இரண்டு வண்டி பொம்பளைகள் வந்திருந்தார்கள். நாகவல்லி தலைமாட்டில் உட்கார்ந்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவளுக்கு வாய் வரவில்லை. பாட்டு முழுசும் நாக்கில் நிற்கிறது. ஆனால் கடைசி வரி பொய். அதை அந்த முகத்துக்கு முன்னால் எப்படிப் பாடுவது? நேரம் போய்க்கொண்டே இருந்தது. இன்னாடி இது, ஊமையாட்டம் குந்திக்கினு கீறியே என்று அங்கம்மா இடித்துப் பார்த்தாள். அப்புறம் அவளே எடுத்துக்கொண்டு, பொன்னம்மாளைத் தங்க மாளிகையில் ஏற்றி உட்கார வைத்தாள்.

பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்க நெய் வேண்டும் என்று வாசலிலிருந்து குரல் வந்தது. தப்பித்தோம் என்று நாகவல்லி எழுந்து அடுப்படிக்குப் போனாள். கதவைத் தள்ளினால் உள்ளே ஒரே இருட்டு. பழக்கத்தில் கால் முக்காலியை இழுத்துப் போட்டது. ஏறி நிமிர்ந்தாள். நங்கென்று நெய்ச்சட்டி நெற்றியில் இடித்தது.

தலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தரையில் நின்று கையை நீட்டினாள். சட்டி கைக்கு எட்டியது. எக்காமல், மூச்சுப் பிடிக்காமல், சும்மா நின்றபடியே எட்டியது. நெய் எங்கே என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்த பரந்தாமனிடம், இதை யார் இறக்கினது என்று கேட்டாள்.

"நேத்து காத்தால, நீ வண்டி ஏறினதும் அம்மாதான் எறக்கணும்னுச்சி. நான் கட்டுறேன்னேன், வுடல. முக்காலி மேல ஏறி அதுவே முடிச்சு போட்டுது. பூனை ஏறுமேம்மான்னேன். பூனை எங்கடா கீதுன்னு என்னையே கேக்குது."

முட்டி வலி என்று வண்டியில் ஏறாதவள் முக்காலியில் ஏறியிருக்கிறாள். நாகவல்லி நெய்ச்சட்டியை அவன் கையில் கொடுத்தாள். வெளியே வந்து அங்கம்மாவைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு, மாமியாரின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பாடினாள்.

ஒசரத்துல ஒறி கட்டி ஒறியில நெய்யி வச்சீங்க
எட்டாத எங்கையிக்கு எட்டாம வச்சீங்க
எக்கி எக்கிப் பாத்து எங்காலு நொந்துபோச்சி
எறக்கிக் கட்டச் சொன்னா ஏசி முடிச்சீங்க
இன்னிக்கி ஒறி தாழ எறங்கித் தொங்குது அத்தே
எட்டாத ஒசரத்துக்கு நீங்க ஏறிப் போனீங்க

வழக்கப்படி மூன்றாவது வரியில் கூட்டம் ஓவென்று கத்தியது. மார்பில் அறைகிற சத்தமும் மேளமும் சேர்ந்துகொண்டன. மிச்ச மூன்று வரியும் ஒரு உயிருக்கும் கேட்கவில்லை. நாகவல்லி அவசரப்படவில்லை. ஒரு எழுத்தை விழுங்காமல், மெட்டு குலையாமல், மதகடியில் பாடினது போலவே பாடி முடித்தாள்.

எல்லாம் ஓய்ந்ததும் அங்கம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். "ஒன் அத்தையத் தங்க மாளிகையில குந்த வச்சுப் பாடினியே நாகு, அந்த எடத்துலதாண்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிப்போச்சி."

நாகவல்லி சட்டென்று மாமியாரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் பொன்னம்மாளின் உதடு ஒரு பக்கமாகக் கோணும். கேட்டியாடி லட்சணத்தை என்று கண் மட்டும் சொல்லும். வண்டியில் ஏறினதும் வாங்கு வாங்கென்று வாங்குவாள். உதடு கோணவில்லை. பாட்டில் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லாதவள் போலக் கிடந்தாள்.

எந்தச் சாவிலும் அழாத நாகவல்லி அப்போதுதான் அழுதாள். தொண்டை அடைத்தது, மூச்சு முட்டியது, வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. பாட்டெல்லாம் முடிந்த பிறகு வேஷம் போடுகிறாள் பார் என்று குமணன்சாவடிப் பொம்பளைகள் காதைக் கடித்துக்கொண்டார்கள். அங்கம்மாதான் மனசு கேட்காமல் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, அழாதடி, பாட்டு நல்லாத்தான் இருந்திச்சி என்று தேற்றினாள்.